இரண்டு மணி

இருபத்திரண்டு வருஷம்
ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குக்
காவல் இருந்தேன்.
அந்நேரம் பாடாங் செராய் கடைத்தெரு
கதவை இறக்கிவிட்டுத் தூங்கும்.
தகரக் கூரையின் கீழே நாங்கள் வேகுவோம்.
ஐந்து விசிறியில் மூன்று ஓடும்.
ஏன் ஐயா இரண்டு மணி என்று
கேட்டவர்களுக்கெல்லாம் பதில் வைத்திருந்தேன்:
ஆறாம் மணிக்கும் ஒன்பதாம் மணிக்கும் நடுவே
ஆண்டவர் சிலுவையில் தொங்கிய வேளை அது,
நம் முன்னோர் ஜெபித்துத் தெரிந்தெடுத்தது.
பேராயர் வந்தபோதும் இதைச் சொன்னேன்.
அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே
தலையாட்டினார்.

அன்னக்கிளி வந்து கேட்டது போன வருஷம்.
எஸ்தர் அன்னக்கிளி, கையுறைத் தொழிற்சாலை.
"ஞாயித்துக்கிழமையும் சிஃப்ட்டு ஐயா.
செவ்வாய் மட்டும் ஓவர்டைம் இல்ல,
எட்டரைக்கு பஸ்ஸை விட்டு எறங்கிருவோம்.
ஒரு அரை மணி நேரம்,
அந்த பஸ் நிக்கிற எடத்துலயே போதும்.
பதினோரு பேர் இருக்கோம்."

நான் பேசினேன்.
ஓய்வுநாள், ஒழுங்கு, சபையின் கட்டுக்கோப்பு.
ஒரு வசனம்கூட எடுத்தேன்,
எதுவென்று சொல்ல இப்போது நா எழவில்லை.
மனசிருந்தால் நேரம் கிடைக்கும்மா என்றேன்.
நாளெல்லாம் உறைக்குள் ஊறி
வெளுத்துத் தோலுரிந்த கைகள் அவளுக்கு.
பார்த்தேன்.
பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

கமிட்டி முழுக்க என் பக்கம்.
யோபு ஞானதிரவியம் மட்டும்
"வர்றது பதினேழு பேரு ஐயா,
பெஞ்சு இருபத்துநாலு" என்றார்.
குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்றேன்.

அக்டோபர் மழையில் பீரோவுக்குள் கறையான்.
ஞானஸ்நானப் பதிவேடுகளைத்
தரையில் பரப்பி உதறிக்கொண்டிருந்தபோது
அடியிலிருந்து ஒரு நோட்டு வந்தது.
யாரோ கிராணியின் கையெழுத்து, ஊதா மை,
ஐம்பத்து மூன்றாம் வருஷம், மார்ச்.
பாதியைக் கறையான் வாசித்து முடித்திருந்தது.
மீதியில்:

'காலை எட்டு மணி ஆராதனைக்குப்
பால்வெட்டுச் சனங்களால் வர ஏலவில்லை.
ஸ்டோரில் பால் நிறுத்து, தோம்பு கழுவி,
குளித்து, கஞ்சி குடித்து வர
ஒன்றரைக்கு மேல் ஆகிறது.
ஆகையால் சபை அவர்களுக்காகக் காத்திருக்கும்.
இனி இரண்டு மணி.
ஆட்சேபித்தவர்: போதகர் ஒருவரே.'

சிரித்தேன் என்று எழுதினால் பொய்.
அந்தப் பக்கத்தையும் கறையானுக்கே
விட்டுவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது.
பால்மரம் போய்ச் செம்பனை வந்து,
லயம் இடிந்து, ஸ்டோரும் இடிந்து,
தோம்பு சுமந்தவர்கள் கல்லறைக்குப் போய்
முப்பது வருஷம் கழித்து இங்கே வந்தவன் நான்.
யாருக்காகக் காத்திருந்தேன்
அந்த வெயிலில்?

அடுத்த செவ்வாய் எட்டேகாலுக்கே
பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன்.
மைலோ டின்னில் அப்பம்.
ஜெபப்புத்தகத்தை வீட்டில் மறந்திருந்தேன்,
அல்லது மறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.
இறங்கியவர்களில் என்னைக் கண்டு நின்றது
நான்கு பேர்.
அன்னக்கிளி?
"அவ சுங்கைப் பட்டாணிக்கு
மாறிப் போயிட்டா, ஆகஸ்ட்டுலயே."
ஒன்றும் சொல்லாமல் டின்னைத் திறந்தேன்.
எல்லோர் கையும் அதே வெளுப்பு.
அந்தக் கைகளில் வைத்தேன்.
டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை,
என் குரல் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது.
ஒரு பெண் நின்றபடியே தூங்கினாள்.
அவளை எழுப்பவில்லை.

மறுமாதக் கூட்டத்தில்
ஞானதிரவியம் பேனாவைத் திறந்து
என்ன எழுதணும் ஐயா என்றார்.
செவ்வாய் இரவு எட்டரை, எழுதுங்கள்.
ஆட்சேபித்தவர் போதகர், ஒரு வருஷம்;
அதையும் எழுதுங்கள்.
காரணத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள்,
எழுபது வருஷம் கழித்து என்னைப் போல ஒருவன்
எட்டரைக்கு வசனம் தேடாமல் இருக்க.
காரணம்: பஸ்.